ரீயூஸபிள் காம்பொனென்ட் 140 தாண்டிருச்சு, எக்செல் ஷீட்டை விட்டுட்டு டேட்டாபேஸுக்கு மாத்தணும், டேபிள் எப்படி போடுறது?

முத்துச்சரம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க.

எங்க ஆபீஸ்ல மொத்தம் ஆறு டீம். ஜாவா, பைத்தான், ஃபிரண்ட்எண்ட்னு கலந்து இருக்கோம். தேதி சரிபாக்குறது, பிடிஎஃப் உருவாக்குறது, லாகின் டோக்கன், மெயில் அனுப்புறது, இந்த மாதிரி எல்லாருக்கும் பொதுவா தேவைப்படுற சமாச்சாரத்தை எல்லாம் பிரிச்செடுத்து தனித்தனி காம்பொனென்ட்டா வெச்சிருக்கோம், இப்ப 140க்கு மேல போயிருச்சு. இதுக்கெல்லாம் ஒரே ஒரு எக்செல் ஷீட் தான், பேரு, வெர்ஷன், யாரு எழுதினது, எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு நாலு கட்டம்.

போன மாசம் நடந்தது தான் இந்த கேள்விக்கு காரணம். தேதி காம்பொனென்ட்ல ஒரு பக் இருந்துச்சு, ஒரு தேதியோட ஒரு வருஷம் கூட்டச் சொன்னா அது வருஷ நம்பரை மட்டும் ஒண்ணு கூட்டி விட்டுருது, 2024 பிப்ரவரி 29 குடுத்தா 2025 பிப்ரவரி 29னு ஒரு இல்லாத தேதியை உருவாக்கி அப்படியே க்ராஷ் ஆகுது. சரி பண்ண ரெண்டு மணி நேரம் தான் ஆச்சு. ஆனா இந்த காம்பொனென்ட்டை எந்தெந்த ஆப்ல யூஸ் பண்றாங்க, எந்த வெர்ஷன்ல நிக்குறாங்கன்னு கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆச்சுங்க, ஒவ்வொரு டீமா போய் நின்னு கேட்டேன். அதுலயும் ஒரு டீம் காம்பொனென்ட்டாவே எடுக்கல, அந்த ஃபைலை மட்டும் காப்பி பண்ணி அவங்க கோடு வெக்கிற ரெப்போல போட்டு வெச்சிருந்தாங்க.

அதனால ஒழுங்கா ஒரு டேட்டாபேஸ் போட்டுரலாம்னு இருக்கேன். ஜிப், ஜார் (ஜாவா கோடை கட்டி வெச்சது) ஃபைலை எல்லாம் டேபிளுக்குள்ளயே போட்டுரலாமா? வெர்ஷனை எப்படி வெக்கிறது? தேடுறவங்களுக்கு சட்டுனு கிடைக்கிற மாதிரி எப்படி வகைப்படுத்துறது? இதுக்கு கிராஃப் டேட்டாபேஸ் (எது எதோட இணைஞ்சிருக்குன்னு வலை மாதிரி சேமிக்கிறது) தான் வேணும்னு ஒருத்தர் சொல்றாரு, எங்களுக்கு டேபிளா சேமிக்கிற போஸ்ட்கிரெஸ் தான் தெரியும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

கல்வெட்டு:

முதல்ல ஃபைல் விஷயம். டேபிளுக்குள்ள போடாதீங்க. போட முடியாதுன்னு இல்ல, போஸ்ட்கிரெஸ்ல ஒரு பைனரி ஃபீல்டு 1 ஜிபி வரைக்கும் தாங்கும். ஆனா பேக்கப் ஊதிக்கிட்டே போகும், ரெஸ்டோர் பண்ண ராத்திரி முழுக்க உக்காரணும், அதோட உங்க பில்ட் டூல் எதுக்கும் டேபிள்ல இருந்து ஜார் எடுக்கத் தெரியாது. ஃபைல் போய் இருக்க வேண்டிய இடம் ஆர்ட்டிஃபேக்ட் ரெப்போசிட்டரி, அதாவது பில்ட் ஆன ஃபைலை வெர்ஷன் வாரியா வெக்கிற சர்வர். டேட்டாபேஸ்ல அந்த ஃபைலோட முகவரியும் எஸ்எச்ஏ-256 ஹேஷும் (உள்ளடக்கத்துல இருந்து கணக்கிடுற கைரேகை மாதிரி) மட்டும் போதும். ஹேஷ் கட்டாயம் வைங்க, ஏன்னா வெர்ஷன் நம்பரை மாத்தாம உள்ள இருக்க கோடை மட்டும் மாத்தி திரும்ப ஏத்துற ஆளு எல்லா டீம்லயும் ஒருத்தர் இருப்பாரு, ஹேஷ் இருந்தா அன்னைக்கே மாட்டிக்கும்.

டேபிள் நாலு இருந்தா ஆரம்பிக்கலாம். காம்பொனென்ட் ஒண்ணு, அதோட வெர்ஷன் ஒண்ணு, எந்த வெர்ஷன் எதை நம்பி இருக்குன்னு டிபென்டென்சி ஒண்ணு, எந்த ஆப் எந்த வெர்ஷனை எடுத்திருக்குன்னு யூசேஜ் ஒண்ணு. நிறைய பேர் முதல் ரெண்டை ரொம்ப அழகா பண்ணிட்டு கடைசி ரெண்டை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுருவாங்க. நீங்க ஒன்பது நாள் அலைஞ்சதுக்கு பதில் அந்த நாலாவது டேபிள்ல தான் இருக்கு, அதை மறந்துராதீங்க.

வெர்ஷனை வெறும் டெக்ஸ்ட்டா வெச்சு சார்ட் பண்ணா கண்டிப்பா அடி வாங்குவீங்க. எழுத்தா பாத்தா "1.10.0" சின்னது, "1.9.1" பெருசு, ஏன்னா ரெண்டாவது இடத்துல 1 வந்து 9க்கு முன்னாடி வருது. லேட்டஸ்ட் எதுன்னு கேட்டா பழசை எடுத்து குடுக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. மேஜர், மைனர், பேட்ச்னு மூணு இன்டிஜரா பிரிச்சு வைங்க. ப்ரீ-ரிலீஸ் பேருக்கு தனி ஃபீல்டு. 2.0.0 பீட்டான்றது 2.0.0க்கு முன்னாடி வரணும், போஸ்ட்கிரெஸ்ல ஏறுவரிசையில நல் (NULL, மதிப்பே இல்லாத காலி ஃபீல்டு) கடைசியா வரும், அதனால அந்த ஃபீல்டு காலியா இருக்க 2.0.0 தானா பின்னாடி போய் உக்காந்துரும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட்ல நல் முன்னாடி வந்துரும், அங்க தலைகீழா ஆயிரும், பாத்துக்கோங்க. பைத்தான் வெர்ஷன் எழுதுற முறை வேற, ஜாவா பில்ட் டூல் மேவன் ஒப்பிடுற முறை வேற, அதனால அசல் டெக்ஸ்ட்டையும் தூக்கி போடாம கூடவே வைங்க.

இன்னொண்ணு, எந்த வெர்ஷனையும் டெலீட் பண்ண விடாதீங்க. 2016 மார்ச்ல லெஃப்ட்-பேட்ன்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜோட கதை தெரிஞ்சிருக்கும், மொத்தமே 11 வரி கோடு, எழுதினவரு என்பிஎம்ன்ற பொது பேக்கேஜ் களஞ்சியத்துல இருந்து எடுத்துட்டாரு, அதை நேரடியா கேள்விப்படாதவங்க பில்டு கூட வரிசையா உடைஞ்சுச்சு, கடைசில என்பிஎம்காரங்களே திரும்ப போட்டாங்க, அதுக்கப்புறம் எடுக்குறதுக்கான விதியையும் இறுக்கிட்டாங்க. ரஸ்ட்ல இதுக்கு நல்ல வழி வெச்சிருக்காங்க, யேங்க் பண்ணா புதுசா யாரும் அந்த வெர்ஷனை எடுக்க முடியாது, ஆனா ஏற்கனவே லாக்ஃபைல்ல (எந்தெந்த வெர்ஷனை எடுத்தோம்னு பதிஞ்சு வெக்கிற ஃபைல்) வெச்சிருக்கவங்களுக்கு தொடர்ந்து கிடைக்கும். உங்க வெர்ஷன் டேபிள்லயும் அப்படி ஒரு ஸ்டேட்டஸ் ஃபீல்டு போடுங்க, பக்கத்துலயே ஏன் விலக்கினோம், பதிலா எதை எடுக்கணும்னு ரெண்டு ஃபீல்டு.

---

செம்பருத்தி:

கல்வெட்டு அண்ணா சொன்ன டேபிள் எல்லாம் சரி தான். ஆனா அந்த யூசேஜ் டேபிளை யாரு நிரப்புவாங்க? இதுக்கு பதில் சொல்லாம ஸ்கீமா வரையவே ஆரம்பிக்காதீங்க முத்துச்சரம், நான் இதுல ஒரு வருஷம் தொலைச்சிருக்கேன்.

முன்னாடி வேலை பாத்த இடத்துல இதே மாதிரி ஒரு கேட்டலாக் கட்டினோம். டேபிள் எல்லாம் அருமையா இருந்துச்சு, ஒரு வெப் ஃபார்ம், அதுல 22 ஃபீல்டு, காம்பொனென்ட் எழுதினாலும் எடுத்தாலும் இதை நிரப்பணும்னு மேனேஜர் மெயில் போட்டாரு. முதல் மாசம் எல்லாரும் நிரப்பினாங்க. அப்புறம் ரிலீஸ் நெருக்கடி வந்துச்சு, அப்புறம் நிரப்புறேன்னாங்க, அந்த அப்புறம் வரவே இல்ல. எட்டு மாசம் கழிச்சு ஒரு ஆப்பை எடுத்து கேட்டலாக்ல இருக்கதையும் உண்மையில ஓடுறதையும் வரிக்கு வரி வெச்சு பாத்தேன், பாதிக்கு மேல பொருந்தல. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு, அவ்வளவு உழைச்சிருந்தோம். டேட்டா இல்லைன்னா கூட பரவால்ல, இல்லைன்னு தெரியும், தப்பான டேட்டாவை நம்பி ஒருத்தர் இந்த ஆப்ல அது இல்லன்னு முடிவெடுத்தா என்ன ஆகும்?

அதனால மனுஷங்க கையால யூசேஜ் எழுதவே கூடாது, பில்ட் எழுதணும். ஒவ்வொரு பில்ட் முடியும்போதும் லாக்ஃபைல்ல இருந்து ஒரு எஸ்பாம் உருவாக்குங்க, சாஃப்ட்வேருக்குள்ள என்னென்ன இருக்குன்ற சரக்கு பட்டியல். இதுக்கு ரெண்டு ஃபார்மேட் பரவலா இருக்கு, ஒண்ணு ஓவாஸ்ப்ன்ற சாஃப்ட்வேர் பாதுகாப்பு அமைப்போட சைக்ளோன்டிஎக்ஸ், இன்னொண்ணு எஸ்பிடிஎக்ஸ், அது 2021ல ஐஎஸ்ஓ தரமாவே ஆயிருச்சு. ஜாவா, பைத்தான், நோட் மூணுக்கும் இதை உருவாக்குற ப்ளகின் ஏற்கனவே இருக்கு. அந்த ஜேசன் ஃபைலை பில்டோட கடைசி படியில உங்க டேட்டாபேஸுக்கு அனுப்பிட்டா முடிஞ்சது, டெவலப்பர் ஒரு கட்டத்தை கூட நிரப்ப வேண்டாம்.

எழுதும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. "^1.9.0"னு கேட்டதை எழுதாதீங்க, அது 1.9.0வாவும் இருக்கலாம் 1.10.2வாவும் இருக்கலாம், கடைசில உண்மையா எது உள்ள வந்துச்சோ அதை எழுதுங்க. அப்புறம் பில்ட் ஆனது வேற, ப்ரொடக்ஷன்ல ஓடுறது வேற. டிப்ளாய் பண்றப்போ எந்த பில்ட் எந்த சர்வர் போச்சுன்னு இன்னொரு ரோ விழணும், இல்லன்னா நேத்து பில்ட் பண்ணதை இன்னைக்கு ஓடுதுன்னு நினைச்சுட்டு நிம்மதியா தூங்கிருவீங்க.

2021 டிசம்பர்ல லாக்4ஜேன்ற ஜாவா லைப்ரரில இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்போ உலகம் பூரா எல்லா ஆபீஸ்லயும் கேட்ட ஒரே கேள்வி இது தான், நம்மகிட்ட எங்கெங்க இருக்கு? நேரடியா எடுத்தவங்க சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டாங்க. வேற ஏதோ லைப்ரரிக்குள்ள, ஜாருக்குள்ள ஜாரா ஒளிஞ்சிருந்தது தான் ரொம்ப பேரை அலைய விட்டுச்சு.

---

யாழிசை:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எதுக்கு இதெல்லாம் சொந்தமா எழுதணும்? நெக்ஸஸ் இருக்கு, ஆர்ட்டிஃபேக்டரி இருக்கு, ஃபைலையும் வெர்ஷனையும் அதுங்க பாத்துக்கும். எஸ்பாமை வாங்கி வெச்சு எந்த ப்ராஜெக்ட்ல எது இருக்குன்னு காட்ட டிபென்டென்சி-ட்ராக்னு ஓப்பன் சோர்ஸ் இருக்கு, அதுவும் ஓவாஸ்ப் தான், உள்ள போஸ்ட்கிரெஸ் வெச்சே ஓட்டலாம். ஆறு டீம் உள்ள இடத்துல இன்னொரு இன்டர்னல் டூலை எழுதி அதையும் மேய்க்கணும்னா, 141வது காம்பொனென்ட் அதுவா தான் இருக்கும்.

---

செம்பருத்தி:

யாழிசை சொல்றதுல பெரும்பகுதி ஏத்துக்கிறேன். ஃபைல் வெக்க சொந்தமா எழுதாதீங்க, ஓட்டை தேடவும் சொந்தமா எழுதாதீங்க. ஆனா புதுசா ஒரு டெவலப்பர் வந்து "தேதி சரிபாக்க நம்மகிட்ட ஏதாச்சும் இருக்கா"ன்னு கேட்டா அந்த டூல் எதுவும் பதில் சொல்லாது, அதுங்களுக்கு பேர் தான் தெரியும், அது என்ன வேலை செய்யும்னு தெரியாது. முத்துச்சரம் கட்ட வேண்டியது அந்த சின்ன பகுதி மட்டும் தான்னு நினைக்கிறேன்.

காப்பி பண்ணி வெச்ச ஃபைலுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். கோடோட மாற்றத்தை எல்லாம் சேமிக்கிற கிட்ல (Git) ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்க ப்ளாப் ஐடி, அந்த ஃபைலோட உள்ளடக்கத்துல இருந்து மட்டும் வர்ற ஹேஷ். பேரை மாத்தினாலும், வேற ரெப்போல போட்டாலும், உள்ள ஒரு எழுத்து கூட மாறலன்னா அதே ஐடி தான். உங்க காம்பொனென்ட் ஒவ்வொரு வெர்ஷனோட ஃபைல் ஐடியையும் ஒரு டேபிள்ல போட்டு, மத்த ரெப்போ எல்லாத்துலயும் இருக்க ஐடியோட ஜாயின் பண்ணா அப்படியே காப்பி அடிச்சது எல்லாம் வரிசையா வந்து நிக்கும். ஒரு ஸ்பேஸ் தட்டியிருந்தா கூட தப்பிச்சிரும், அது உண்மை தான், ஆனாலும் அரை நாள் வேலைக்கு கிடைக்கிறது பெருசு.

---

முத்துச்சரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செம்பருத்தி அக்கா, 22 ஃபீல்டு ஃபார்ம் தான் நானும் வரைஞ்சு வெச்சிருந்தேன், தூக்கி போட்டுட்டேன்.

ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். டிபென்டென்சி டேபிள்ல மேல மேல ஏறிப் போய் யாரெல்லாம் தேதி காம்பொனென்ட்டை சுத்தி வளைச்சு எடுக்குறாங்கன்னு பாக்க ரிகர்ஸிவ் குவெரி எழுதினேன், எத்தனாவது படின்னு தெரியறதுக்கு ஒரு ஆழம் ஃபீல்டும் வெச்சேன். ஓட விட்டா முடியவே மாட்டேங்குது, பத்து நிமிஷம் பாத்துட்டு நிறுத்திட்டேன். கிராஃப் டேட்டாபேஸ் தான் வேணுமோ?

---

கல்வெட்டு:

வேண்டாம் தம்பி. 140 காம்பொனென்ட், ஒவ்வொண்ணுக்கும் 20 வெர்ஷன்னு வெச்சாலும் 2800 ரோ. ரிகர்ஸிவ் குவெரி எஸ்க்யூஎல் தரத்துல 1999லயே வந்துருச்சு, போஸ்ட்கிரெஸ் 8.4ல இருந்து இருக்கு. உங்க அளவுக்கு இது கண்ணிமைக்கிற நேரத்துல முடியணும்.

முடியலன்னா உங்க டேட்டால எங்கயோ வட்டம் இருக்கு, 'அ'ன்ற காம்பொனென்ட் 'ஆ'வை எடுக்குது, 'ஆ' திரும்ப 'அ'வையே எடுக்குது. யூனியன் ஆல் போடாம வெறும் யூனியன் போட்டா ஏற்கனவே வந்த ரோவை திரும்ப சேக்காது, வட்டம் தானா நின்னுரும். ஆனா நீங்க ஆழம் ஃபீல்டு வெச்சிருக்கீங்கல்ல, ஒவ்வொரு சுத்துக்கும் அந்த நம்பர் கூடிக்கிட்டே போறதால ஒரே ஆளே திரும்ப வந்தாலும் போஸ்ட்கிரெஸுக்கு அது புது ரோ மாதிரி தெரியும், அதான் விடிய விடிய சுத்துது. போஸ்ட்கிரெஸ் 14 இல்ல அதுக்கு மேலன்னா குவெரில சேக்குறதுக்கு சைக்கிள்னு ஒரு பகுதியே (clause) இருக்கு, அதை சேத்துக்கோங்க. பழசுன்னா வந்த வழியை ஒரு அர்ரேல சேத்துக்கிட்டே வந்து, ஏற்கனவே அதுல இருந்தா நிறுத்துன்னு எழுதுங்க. அந்த வட்டத்தை கண்டுபிடிச்சு உடைக்கிறதும் தனி வேலையா எடுங்க, ரெண்டு காம்பொனென்ட் ஒண்ணையொண்ணு எடுத்தா அது உண்மையில ரெண்டு இல்ல, ஒண்ணு தான்.

டிபென்டென்சி டேபிளோட ப்ரைமரி கீ (எடுக்குறவர், எடுக்கப்படுறவர்)னு இருந்தா அந்த இண்டெக்ஸ் கீழ இறங்க மட்டும் தான் உதவும். உங்க கேள்வி தலைகீழா மேல ஏறுது, அதனால எடுக்கப்படுறவர் மேல தனியா ஒரு இண்டெக்ஸ் போடுங்க.

அதை விட முக்கியமா ஒண்ணு, செம்பருத்தி சொன்ன மாதிரி எஸ்பாம் வந்துருச்சுன்னா அதுல நேரடியா எடுத்தது, சுத்தி வளைச்சு வந்தது ரெண்டுமே இருக்கும். அப்ப "யாரு யூஸ் பண்றாங்க"ன்றது ஒரே ஒரு ஜாயின், ரிகர்ஷனே தேவையில்ல. "எந்த வழியா உள்ள வந்துச்சு"ன்னு கேக்குறப்போ மட்டும் ஏறிப் பாருங்க. எந்த வெர்ஷனோட எந்த வெர்ஷன் ஒத்துப்போகும்னு கண்டுபிடிக்கிற வேலையை மட்டும் குவெரில செய்யப் பாக்காதீங்க, அது என்பி-கம்ப்ளீட் ரகம் (அளவு கூடக் கூட நேரம் எக்கச்சக்கமா ஏறக்கூடிய கணக்கு), பேக்கேஜ் மேனேஜர் கிட்ட விட்டுருங்க.

---

அகரமுதலி:

வகைப்படுத்துறதை பத்தி யாரும் சொல்லல, அது எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, அதனால எழுதுறேன்.

இந்த ஆசை பழசுங்க. 1968ல ஜெர்மனில கார்மிஷ்ன்ற ஊர்ல நடந்த நேட்டோ மாநாட்டுலயே டக்ளஸ் மெக்கில்ராய் சாஃப்ட்வேர் காம்பொனென்ட்டை எலெக்ட்ரானிக் பாகம் மாதிரி கேட்டலாக்ல பாத்து எடுக்கணும்னு பேசியிருக்காரு. எழுதி வெக்கிறது ஒரு பாடு, எழுதினதை தேடி எடுக்கிறது அதை விட பெரும்பாடு. முதல்ல எல்லாரும் ஃபோல்டர் மரம் மாதிரி தான் அடுக்குவோம். பில் பிடிஎஃப் போடுற காம்பொனென்ட்டை பிடிஎஃப் கீழ வெப்பீங்களா, ரிப்போர்ட் கீழ வெப்பீங்களா, அக்கவுண்ட்ஸ் கீழ வெப்பீங்களா? எங்க வெச்சாலும் மத்த ரெண்டு இடத்துல தேடுறவருக்கு கிடைக்காது.

இதுக்கு 1987ல ரூபன் பிரியட்டோ-டியாஸும் பீட்டர் ஃப்ரீமேனும் ஒரு வழி சொன்னாங்க. ஒரே மரத்துல தொங்க விடாம ஒவ்வொரு காம்பொனென்ட்டையும் ஆறு கோணத்துல விவரிக்கணும்: என்ன செய்யுது, எது மேல செய்யுது, அந்த பொருள் எதுல இருக்கு, எந்த மாதிரி சிஸ்டத்துக்கு, எந்த வேலைப் பகுதிக்கு, எந்த சூழலுக்கு. இந்த யோசனையோட வேர் எங்க இருக்குன்னா நம்ம எஸ். ஆர். ரங்கநாதன் 1933ல வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில. புத்தகத்தை ஒரே பெட்டிக்குள்ள அடைக்காம பல முகமா பிரிச்சு, அந்த முகங்களை சேத்து வகை எண் உருவாக்குறது. நூலகத்துக்காக அவர் யோசிச்சது சாஃப்ட்வேர் காம்பொனென்ட் தேடுறதுக்கு வந்து உதவுதுன்னு முதல்ல படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்களுக்கு ஆறும் தேவைப்படாது. வினை, பொருள், மொழி, இந்த மூணுல ஆரம்பிங்க. முகம்னு ஒரு டேபிள், அதுக்குள்ள வர்ற சொல்லுக்கு ஒரு டேபிள், காம்பொனென்ட்டையும் சொல்லையும் இணைக்க ஒரு டேபிள். தேதி காம்பொனென்ட்டுக்கு வினையில "சரிபார்", "கூட்டு", பொருள்ல "தேதி". இதோட கட்டாயம் ஒரு மாற்றுச்சொல் டேபிள் வேணும், ஒருத்தர் வேலிடேட்னு தேடுவாரு, ஒருத்தர் செக்னு, இன்னொருத்தர் வெரிஃபைனு, எல்லாம் ஒரே சொல்லுல போய் முடியணும். எழுத்துப்பிழைக்கு போஸ்ட்கிரெஸ்லயே சொல்லை மூணு மூணு எழுத்தா வெட்டி ஒப்பிடுற ட்ரைகிராம் எக்ஸ்டென்ஷன் இருக்கு. கையால நிரப்ப வேண்டியது இந்த மூணு முகம் மட்டும் தான், அதுவும் காம்பொனென்ட் பிறக்கும்போது ஒரு தடவை.

தேடல் பெட்டில யாரு என்ன தேடினாங்க, எத்தனை முடிவு வந்துச்சுன்னு ஒரு டேபிள்ல எழுதுங்க. முடிவு பூஜ்யம் வந்ததை மட்டும் வாரம் ஒரு தடவை எடுத்து பாருங்க. ஒண்ணு உங்க மாற்றுச்சொல் டேபிள்ல ஓட்டை இருக்கும், இல்லன்னா அப்படி ஒரு காம்பொனென்ட்டே இல்லாம நாலு பேர் தேடிட்டு இருப்பாங்க, அடுத்து எழுத வேண்டியது அது தான்.

---

முத்துச்சரம் (மூணு வாரம் கழிச்சு):

நடந்ததை சொல்லிடுறேன். ஃபைலை எல்லாம் நெக்ஸஸுக்கு மாத்திட்டோம். போஸ்ட்கிரெஸ்ல எட்டு டேபிள். பில்டோட கடைசில எஸ்பாம் அனுப்புற படியை ஆறு டீமுக்கும் சேத்தாச்சு, ஒரு டீம் மட்டும் ரெண்டு நாள் முரண்டு பிடிச்சாங்க, ஃபார்ம் எதுவும் நிரப்ப வேண்டாம்னு காட்டினதும் ஒத்துக்கிட்டாங்க.

தேதி காம்பொனென்ட் யாரு யூஸ் பண்றாங்கன்னு இப்ப கேட்டா ஒரு செகண்ட் கூட ஆகல. எக்செல்ல 9 ஆப்னு இருந்துச்சு, டேபிள்ல 17 வந்துச்சு. கூடுதலா வந்த எட்டுல ஆறு ஆப் பிடிஎஃப் காம்பொனென்ட் வழியா தெரியாமலே எடுத்திருக்காங்க. ப்ளாப் ஐடி வெச்சு தேடினதுல காப்பி அடிச்ச இடம் இன்னும் ரெண்டு மாட்டுச்சு. வட்டமும் கிடைச்சுது, மெயிலும் டெம்ப்ளேட்டும் ஒண்ணையொண்ணு எடுத்துக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணாக்கிட்டோம்.

ஒரே ஒரு சந்தேகம். சில ஆப் பில்ட் ஆகி ரொம்ப நாள் ஆச்சு, அதுங்களோட யூசேஜ் ரோ பழசா கிடக்கு. 90 நாள் பில்ட் வரலன்னா அந்த ரோவை எல்லாம் தூக்கிரலாமா?

---

செம்பருத்தி:

தூக்கவே தூக்காதீங்க! கடைசியா பில்ட் ஆன தேதியை பக்கத்துல காட்டுங்க, 90 நாள் தாண்டினதை பட்டியல்ல மேல கொண்டு வாங்க. டிப்ளாய் டேபிள்ல இன்னும் ஓடுதுன்னு இருந்து, பில்ட் ஒரு வருஷமா இல்லன்னா, பழைய வெர்ஷன் இருக்க வாய்ப்பு அங்க தான் அதிகம். ஆப்பை உண்மையிலயே மூடிட்டாங்கன்னா, மூடின தேதியை ஒரு ஃபீல்டுல போடுங்க, ரோ அங்கயே இருக்கட்டும்.

---

முத்துச்சரம்:

இப்பவே அந்த மாதிரி வரிசைப்படுத்தி பாத்தேன் அக்கா. முதல் வரியில ஒரு ஆப், கடைசி பில்ட் 14 மாசம் முன்னாடி, ப்ரொடக்ஷன்ல ஓடிட்டு இருக்கு, உள்ள தேதி காம்பொனென்ட் 1.8.2. பக் சரியானது 1.10.0ல. அந்த டீம் லீடுக்கு ஃபோன் பண்ணிட்டேன், நாளைக்கு காலைல பில்ட் எடுக்குறோம்.